பாட் காஸ்டைன்: பனிச்சறுக்குக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட் காஸ்டைன் எங்கே இருக்கிறது? எந்த மாதிரி ஊர்?

ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் மாநிலத்தின் தெற்கே, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமதளம் என்பதே இல்லாத ஊர். ஊர் நடுவே 341 மீட்டர் அருவி மூன்று கட்டமாக விழுகிறது. அதன் இரண்டு பக்கமும் பழைய ஓட்டல்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. வெந்நீர் ஊற்றுக்காக அரசர்களும் அமைச்சர்களும் வந்துபோன இடம். 1865-இல் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் செய்துகொண்ட காஸ்டைன் ஒப்பந்தம் இங்கேதான் முடிவானது. ரயில் வந்தது 1905-இல். உலக ஆல்பைன் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது 1958-இல்.

"காஸ்டைன்" என்று பொதுவாகச் சொன்னால் அது முழுப் பள்ளத்தாக்கையும் குறிக்கும். கீழிருந்து மேலாக டோர்ஃப்காஸ்டைன், பாட் ஹோஃப்காஸ்டைன், பாட் காஸ்டைன், கடைசியில் பொக்ஸ்டைன். அறை பதிவு செய்யும்போது பெயரை இரண்டு தடவை பாருங்கள். பாட் ஹோஃப்காஸ்டைனில் பணம் கட்டிவிட்டுப் பாட் காஸ்டைனில் இறங்குகிறவர்கள் உண்டு.

எந்த மாதம் நல்லது?

சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் பொதுவாக டிசம்பர் தொடக்கத்தில் ஓடத் தொடங்கும். ஏப்ரல் முற்பாதி வரை பெரும்பாலானவை ஓடும். முதல்தடவை வருகிறவர்களுக்கு ஜனவரி இரண்டாவது வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை சரியான காலம். பனி நன்றாக இறுகியிருக்கும், கூட்டம் குறைவு, அறை வாடகையும் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் பிப்ரவரியின் பள்ளி விடுமுறை வாரங்களிலும் விலை உச்சம், பயிற்சி வகுப்பில் இடம் கிடைப்பதும் கஷ்டம்.

மார்ச்சில் வெயில் நீண்டு அடிக்கும். ஆனால் கீழ்ச்சரிவுகளில் காலையில் ஐஸ், மதியத்துக்குமேல் சேறுபோன்ற பனி. புதிதாகக் கற்கிறவருக்கு இரண்டுமே தொல்லை.

எப்படிப் போய்ச் சேர்வது?

ரயில்தான் எளிது. சால்ஸ்பர்க்கிலிருந்து நேர் ரயிலில் ஒன்றரை மணிநேரத்துக்குச் சற்று மேல். நேர் ரயில் இல்லாத நேரங்களில் ஷ்வார்ட்சாக்-சாங்க்ட் ஃபைட் நிலையத்தில் மாற வேண்டும். மியூனிக்கிலிருந்து நேர் ரயிலில் மூன்றரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் செயலியில் முன்கூட்டியே வாங்கும் சலுகை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் இறங்கிய அன்றே ரயில் ஏறுகிறவர்கள் நெருக்கமான நேரத்துக்கு அதை வாங்க வேண்டாம்.

இறங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். ரயில் நிலையம் ஊரின் மேல்தட்டில் இருக்கிறது. அருவியை ஒட்டிய ஓட்டல்கள் கீழே. வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும்; அது உறைந்த இறக்கத்தில், படிகளோடு சேர்ந்த 400 மீட்டர். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக முடியாது. வந்து கூட்டிப்போவார்களா என்று ஓட்டலை முன்பே கேளுங்கள், இல்லையென்றால் டாக்சி.

காரில் வரலாமா?

வரலாம். ஏ10 நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சாலைவரி ஒட்டி வேண்டும், டிஜிட்டலாகவும் கிடைக்கும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். இத்தாலியிலோ வேறு நாட்டிலோ வாடகைக் கார் எடுத்தால் அந்த டயர் தானாக வரும் என்று நினைக்காமல் கேட்டு உறுதி செய்யுங்கள். ஊருக்குள் நிறுத்த இடம் குறைவு, நிறுத்துமிடக் கட்டணம் உண்டு. ஊருக்கு வந்தபின் கார் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும்.

விசா, காப்பீடு?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சுவிட்சர்லாந்து உட்பட ஷெங்கன் நாடு ஒன்றில் வதிவிட அனுமதி உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டன் வதிவிட அனுமதி மட்டும் இருந்தால் தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ.

விசாவுக்காகக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேறு, பனிச்சறுக்குக்கான காப்பீடு வேறு. மலிவான பாலிசிகள் பலவற்றில் "குளிர்கால விளையாட்டு நீங்கலாக" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவந்தால் பில் சில ஆயிரம் யூரோ ஆகும், அதை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். வாங்கும்போது மலைமீட்பு, ஹெலிகாப்டர் என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள். அடுத்தவர்மேல் மோதி அவருக்குக் காயமானால் ஏற்படும் பொறுப்பும் அதில் அடங்கியிருந்தால் நல்லது.

பனிச்சறுக்கே தெரியாது. எந்த மலையில் தொடங்குவது?

ஆங்கர்டால். பாட் காஸ்டைனிலிருந்தும் பாட் ஹோஃப்காஸ்டைனிலிருந்தும் ஸ்கீ பேருந்தில் போகலாம். புதியவர்களுக்கான பயிற்சிச் சரிவுகளும் பயிற்சிப் பள்ளியும் அங்கே இருக்கின்றன.

மற்ற மலைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஷ்டூப்னர்கோகல் (2,246 மீட்டர்) ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே கேபிள் காரில் ஏறும் மலை. ஆங்கர்டால் வழியாக, பாட் ஹோஃப்காஸ்டைனுக்கு மேலே உள்ள ஷ்லோஸ்ஆல்ம் சறுக்குப் பகுதியுடன் இணைந்திருக்கிறது. நடுத்தரத் தேர்ச்சி உள்ளவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். ஆனால் ஷ்டூப்னர்கோகலிலிருந்து ஊருக்கு இறங்கும் சரிவு புதியவர்களுக்கானதல்ல, கேபிள் காரிலேயே திரும்புங்கள். ஸ்போர்ட்காஸ்டைன் பள்ளத்தாக்கின் கடைக்கோடி. லிஃப்ட் 2,600 மீட்டருக்கு மேல் போகும். பனி கடைசிவரை நிற்கும், காற்றும் அப்படித்தான் அடிக்கும். பனிச்சரிவு அபாயம் இருக்கும் நாள்களில் அங்கே போகும் சாலையையே மூடிவிடுவார்கள். கிராவ்கோகல் சிறியது, பழையது, மரங்கள் நிறைந்தது. மேகம் இறங்கி மேலே ஒன்றும் தெரியாத நாளில் மரங்களுக்கு நடுவே சறுக்குவதுதான் கண்ணுக்கு இதம். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ணாமல் அன்றைய நிலவரம் பாருங்கள்.

ஆஸ்திரியாவில் பச்சை நிறச் சரிவு கிடையாது. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.

சறுக்குச் சாமான்களை வாங்க வேண்டுமா? வாடகையில் எதைக் கவனிப்பது?

வாங்காதீர்கள். ஸ்கீ என்ற சறுக்குப் பலகை, பூட்ஸ், கைக்கோல், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் மாலையே போய் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குக் கடையில் வரிசை, அவசரத்தில் பொருந்தாத பூட்ஸ், பிறகு நாள் முழுக்கக் கால்வலி என்பது வழக்கமாக நடக்கும் கதை.

எல்லாவற்றையும்விட பூட்ஸ் முக்கியம். போட்டு நேராக நின்றால் பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கிவிட வேண்டும், குதிகால் மேலே எழக்கூடாது. "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் கூட்டிக் கேட்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தப்பு. தளர்ந்த பூட்ஸில் கால் உள்ளே ஆடும். நீங்கள் திரும்புவீர்கள், ஸ்கீ திரும்பாது.

ஒரே ஒரு மெல்லிய ஸ்கீ காலுறை போதும். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சில்லிடும். உள்ளே போடும் நீளக் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு ஒரு மணிநேரத்தில் கணுக்காலை அறுத்துவிடும். மாட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவைத்து, மேல் கொக்கிகளை முதலில் இறுக்குங்கள், விரல்பக்கக் கொக்கிகளைச் சும்மா மாட்டினால் போதும்.

கடைக்காரர் எடை, உயரம், வயது, தேர்ச்சி கேட்பார். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் அதை விடுவிக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் திருகுவார். எடையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் தசைநார் முறுக்கிக்கொள்ளும். குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் காரணமில்லாமல் கழன்றுவிடும். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

பயிற்சி வகுப்பு கட்டாயமா? நண்பர் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறார்.

கட்டாயமில்லை. ஆனால் நண்பரை மதிய உணவுக்குக் கூப்பிடுங்கள், பயிற்சிக்கு வேண்டாம். மூன்று நாள் குழு வகுப்பு எடுத்தால் பெரும்பாலானவர்கள் மூன்றாவது நாள் நீலச்சரிவில் தாமாக இறங்குவார்கள். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

முதல் நாள் முழுக்க ஆப்புவடிவம்தான். ஸ்கீயின் முன்முனைகள் நெருங்க, பின்முனைகள் விரிய நின்று வேகத்தை அடக்குவது. குழந்தைகளுக்கு இதைப் பீட்ஸா என்று சொல்லிக்கொடுப்பார்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. பின்னால் சாய்ந்தால் முன்முனையில் எடை இருக்காது, ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

விழுந்தால் உடனே எழப் பார்க்காதீர்கள். புரண்டு, ஸ்கீ இரண்டும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக வரும்படி வைத்து, பிறகு எழுங்கள். ஸ்கீ கீழ்நோக்கி இருக்கும்போது எழுந்தால் எழுந்த கையோடு ஓடத் தொடங்கிவிடும்.

டி-பார் லிஃப்டில் பலர் விழுவதற்கு ஒரே காரணம் அதில் உட்காரப் பார்ப்பதுதான். தலைகீழ் "டி" வடிவக் கம்பி தொடைக்குப் பின்னால் வந்து தள்ளும், அவ்வளவே. நின்றபடி, முழங்காலைத் தளர்த்தி, இழுத்துப்போக விட்டுவிடுங்கள். விழுந்துவிட்டால் கம்பியை விட்டுவிட்டுத் தடத்தைவிட்டு உடனே நகருங்கள். பின்னாலேயே அடுத்தவர் வருவார்.

எந்த லிஃப்ட் பாஸ் வாங்குவது?

பல நாள் பாஸ் பொதுவாக ஸ்கீ அமடே என்ற ஐந்து பகுதிக் கூட்டமைப்பு முழுவதற்கும் செல்லும். 760 கிலோமீட்டர் சரிவுகள். புதியவருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாது. முதல் நாளுக்குப் பாஸ் தேவையா, பயிற்சி லிஃப்ட் சீட்டு மட்டும் போதுமா என்று பயிற்சிப் பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஐந்து இரவு தங்குகிறவருக்கு மூன்று நாள் சறுக்கு தாராளம். ஆறு நாள் பாஸ் எடுத்துவிட்டு, காசு போகிறதே என்று நான்காம் நாள் களைத்த காலோடு ஏறுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

அட்டையை ஜாக்கெட்டின் இடது பைக்குள் தனியாக வையுங்கள். லிஃப்ட் வாசலின் ரீடர் இடப்பக்கம் இருக்கும். கைபேசியோடு சேர்த்து வைத்தால் வாசல் திறக்காமல் மக்கர் பண்ணும்.

கடைசி லிஃப்ட் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள், பொதுவாக மாலை நான்கை ஒட்டி. சரிவு மூடியபின் பனியைச் சமன்செய்யும் வண்டிகள் வரும். செங்குத்தான இடங்களில் அவற்றை நூற்றுக்கணக்கான மீட்டர் நீள எஃகுக் கயிறு பிடித்திருக்கும். மங்கல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அதில் மோதி உயிர்போன சம்பவங்கள் ஆல்ப்ஸில் நடந்திருக்கின்றன. நடந்தும் அந்த நேரத்தில் சரிவில் இறங்கக்கூடாது.

என்ன உடை?

ஊருக்குள் ஜனவரிப் பகலில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 2,000 மீட்டருக்குமேல் மைனஸ் 10, காற்றடித்தால் அதற்கும் கீழே போனதுபோல உறைக்கும். உடம்போடு ஒட்டி மெரினோ அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே நீர்புகாத ஜாக்கெட், கால்சட்டை. பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாக இருக்கும். லிஃப்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான். கையுறை, கண்ணாடி, சன்ஸ்கிரீன் மூன்றும் விடக்கூடாதவை. மாநிற உடம்புக்கு வெயில் சுடாது என்பது பனிமலையில் செல்லாது. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் மூக்கின் கீழும் தாடையின் கீழும் கருகும்.

சால்ஸ்பர்க் மாநிலத்தில் 15 வயதுவரை தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். மற்றவர்களும் போட்டுக்கொள்வதுதான் அறிவு.

அடிபட்டால்?

மலைமீட்பு 140, ஆம்புலன்ஸ் 144, ஐரோப்பிய அவசர எண் 112. இரண்டு ஸ்கீயைக் கழற்றி, அடிபட்டவருக்கு மேல்பக்கம் சில மீட்டர் தள்ளிக் குறுக்காக நட்டுவையுங்கள். வருகிறவர்களுக்கு அது எச்சரிக்கை. சரிவின் ஓரக்கம்பங்களில் எண் இருக்கும். தொலைபேசியில் சரிவின் எண்ணையும் கம்பத்தின் எண்ணையும் சொன்னால் தேட வேண்டியிருக்காது.

சறுக்காதவர்கள் என்ன செய்வது?

ஷ்டூப்னர்கோகல் கேபிள் காருக்கு நடைப்பயணச் சீட்டு உண்டு. மேலே 2009-இல் திறந்த 140 மீட்டர் தொங்குபாலம். வானம் தெளிந்தால் ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான 3,798 மீட்டர் குரோஸ்குளோக்னர் தெரியும். ஊருக்குள் அருவிப் பாலத்தில் நின்றால் தெறிக்கும் நீர் கம்பியில் உறைந்து கண்ணாடிபோல ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப்பல் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் சரிவைவிடத் தெருவில் வழுக்கி விழுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

வெந்நீர்க் குளியல் எங்கே?

ஊற்றுகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் லிட்டர் நீர் வருகிறது, சூடு 46 டிகிரி வரை. குளங்களில் அதை ஆறவைத்து விடுகிறார்கள். பாட் காஸ்டைனில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஃபெல்சன்தெர்மே, பாறையைக் குடைந்து கட்டியது. பாட் ஹோஃப்காஸ்டைனில் ஆல்பென்தெர்மே, பெரியது, குழந்தைகளுக்கு ஏற்றது. வெளிக்குளத்தில் கழுத்தளவு வெந்நீரில் நின்றுகொண்டு முடியில் பனி உறைவது இங்கே கிடைக்கும் சுகம். ஈரத்தலையோடு பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

நீச்சலுடை கட்டாயம், பருத்தி டி-சர்ட், பெர்முடா, லெக்கிங்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை அணிகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். கையில் கட்டும் பட்டைதான் லாக்கர் சாவி, அதிலேயே நேரமும் ஓடும். மூன்று மணிச் சீட்டில் உடை மாற்றும் நேரமும் சேர்த்தி.

சானா என்ற சூட்டறையில் உடையே இல்லாமல் இருப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். குளப்பகுதிக்கு நீச்சலுடை, சானாப் பகுதிக்கு அது கூடாது. ஈரத்துணி சூட்டில் அசுத்தம் என்பது அவர்கள் எண்ணம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பார்ப்பதுதான் அநாகரிகம். கூச்சமாக இருந்தால் பெரிய துண்டைச் சுற்றிக்கொள்ளலாம், பெண்களுக்கான தனிநாள் உண்டா என்று கேட்கலாம், அல்லது குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சானா தனிச்சீட்டு, வேண்டாமென்றால் அந்தக் காசு மிச்சம். கைபேசியை உள்ளே கொண்டுபோகவே கூடாது.

போகிறவர்கள்: குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்து, செருப்பை வெளியே விட்டு, கால்பாதம் வரை துண்டின்மேல் இருக்கும்படி உட்காருங்கள். மரத்தில் வேர்வை படக்கூடாது. முதல்தடவை கீழ்ப்படியில் எட்டு நிமிடம் போதும். வெளியே வந்து தண்ணீரைக் காலிலிருந்து தொடங்கி மேலே ஊற்றி, பிறகு கால்மணி நேரம் படுத்து ஓய்வு.

அம்மாவுக்கு மூட்டுவலி. ரேடான் குகை சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாமா?

அது சுற்றுலாக் காட்சியல்ல, மருத்துவ சிகிச்சை. பொக்ஸ்டைனில் 1940 முதல் 1944 வரை தங்கம் தேடி ஒரு சுரங்கம் வெட்டினார்கள். தங்கம் கிடைக்கவில்லை, தொழிலாளிகளின் மூட்டுவலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆராய்ந்துபார்த்து 1952-இல் சிகிச்சைக்குத் திறந்தார்கள். சிறு ரயிலில் மலைக்குள் 2 கிலோமீட்டர் போய், 37 முதல் 41.5 டிகிரி சூட்டில், மிகுந்த ஈரப்பதத்தில், ரேடான் கலந்த காற்றில் படுத்திருக்க வேண்டும். ரேடான் கதிரியக்க வாயு.

உள்ளே விடுமுன் மருத்துவர் பார்ப்பார். கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கட்டுப்படாத தைராய்டு, தீவிர இதயநோய், தொற்றுக்காய்ச்சல் உள்ளவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அடைத்த இடத்தில் மூச்சுமுட்டும் என்பவர்களுக்கும் சரிவராது. பயன் தெரிய வாரக்கணக்கில் பல தடவை போக வேண்டும். நான்கு நாள் பயணத்தில் ஒரே ஒரு தடவை போய்வருவதில் பெரிதாகப் பொருளில்லை. அம்மாவுக்குக் குளத்து வெந்நீரே இதமாக இருக்கும். நீண்டகாலச் சிகிச்சை வேண்டுமானால் ஊரில் பார்க்கும் மருத்துவரின் அறிக்கையோடு வாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காஸ்நோக்கன் என்பது மாவு உருண்டையும் உருகிய சீஸும்; மேலே பொரித்த வெங்காயம். சில இடங்களில் பன்றிக்கறித் துண்டும் கலந்து வரும், "ஓனே ஷ்பெக்" என்று சொல்லுங்கள். சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் சாறு மாட்டெலும்பில் எடுத்ததாக இருக்கும். கெர்ம்க்னோடல் நம்மூர்க் கொழுக்கட்டையின் பெரியண்ணன்: உள்ளே பிளம் பூரணம், மேலே கசகசாப்பொடி. கைசர்ஷ்மாரன் இனிப்பில் முட்டை உண்டு, உலர்திராட்சையை ரம்மில் ஊறவைத்திருக்கக்கூடும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

சமையலறை உள்ள அறை எடுத்தால் இரவுச் செலவு பாதியாகும். மூன்று எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனியன்றே வாங்குங்கள். அடுப்பு இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய குக்கர் சூடாகாது. மிளகாய் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை அலாரம் கட்டடத்தையே எழுப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, தணலைக் குறைத்துத் தாளியுங்கள்.

ஊரிலிருந்து என்னென்ன உணவு கொண்டுபோகலாம்?

அரிசி, பருப்பு, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பிரச்சினை இல்லை. இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை: நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் அதில் சேரும் (உப்புக்கண்டம் இறைச்சி, அதைக் கருவாட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் விட்டுவிடுங்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்தும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வரலாம்.